மலர்கொடிக்கு ஒத்துக்கொண்ட வண்டி

மலர்கொடி தன் ஐம்பது வயதுக்குள் பஸ், வேன் என்று ஏறியது மொத்தம் பதினான்கு தடவை. பதினான்கு தடவையும் வாந்தி எடுத்தார். இதில் முதல் தடவை மட்டும் ஊர் முழுக்கத் தெரியும். அது அவருடைய கல்யாண வேன். திருமானூர்ப் பக்கத்திலிருந்து பெண்ணை அழைத்துக்கொண்டு, அரியலூர் ரோட்டில் உள்ள புதுக்காட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஊர் வர இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கையில், மாப்பிள்ளையின் தாய்மாமன் ராசாங்கத்தின் பட்டு வேட்டியில் எடுத்துவிட்டார். ராசாங்கம் பெருந்தன்மையான மனிதர். "புள்ளைக்கு வெயிலு தாங்கல" என்று சொன்னார். அப்போது மணி காலை ஆறரை.

மருந்தென்று யார் எதைச் சொன்னாலும் மலர்கொடி செய்து பார்த்தார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போனார்; பழத்தின் மேலேயே எடுத்தார். வாயில் புளி அடக்கினார். இஞ்சி மென்றார். வயிற்றில் பேப்பரை மடித்துக் கட்டிக்கொண்டால் குமட்டாது என்று ஒருவர் சொல்ல, ஒரு வாரத்துத் தினசரியைக் கட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம் வரை போனார். மெடிக்கலில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் புறப்பட்ட அன்று நன்றாகத் தூங்கிவிட்டார். தூக்கத்திலேயே எடுத்தார். அதற்குப் பிறகு ரயில் போகும் ஊர்களுக்கு மட்டும் போவது என்று முடிவு செய்தார். ரயில் அவரை ஒன்றும் செய்யவில்லை. கணவர் சின்னதுரையின் டி.வி.எஸ். வண்டியும் இடுப்பு வலியைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சின்னதுரை சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். ஓடுகிற வண்டி ஒருவருக்கு எதற்காக ஒத்துக்கொள்ளாமல் போக வேண்டும் என்பது அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

புதுக்காட்டுப் பெண்கள் வருஷத்துக்கு இரண்டு டூர் போவார்கள். ஆடியில் ஒன்று, தையில் ஒன்று. பஸ் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, எந்தக் கோயில் என்று முடிவு செய்வது எல்லாம் முத்தாயி என்பவர். புறப்படும் நாள் காலையில் பெண்கள் வரிசையாக மலர்கொடி வீட்டுக்கு வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆடு, கோழி, கட்டிலில் கிடக்கும் மாமனார், எல்லாம் மலர்கொடி பொறுப்பு. ஒரு ஆடி மாசம் இருபத்தொன்பது சாவி, நாற்பத்து மூன்று ஆடு, இரண்டு மாமனார். போனவர்கள் திரும்பி வரும்போது அவருக்கென்று ஏதாவது வாங்கி வருவார்கள். குற்றாலம் என்றால் பிளாஸ்டிக் சீப்பு. திருச்செந்தூர் என்றாலும் பிளாஸ்டிக் சீப்பு. தமிழ்நாட்டைப் பற்றி மலர்கொடிக்கு இருந்த அபிப்பிராயம் பெரும்பாலும் சீப்பு சம்பந்தப்பட்டது.

இதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை. கன்னியாகுமரிக்குப் போய்விட்டு வந்த முத்தாயி ஒரு தடவை, "கடலப் பாத்தா மனசு லேசாயிடுது மலரு" என்றார். "ஆட்டுப் புழுக்கைய அள்ளுனா இடுப்பு லேசாயிடுதுக்கா" என்றார் மலர்கொடி. முப்பது வருஷத்தில் அவர் சொன்ன குறை அது ஒன்றுதான்.

விஷயம் மாறியது ஒரு காதுகுத்தில். தா.பழூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். ரயில் கிடையாது. சின்னதுரைக்கு அன்று குவாரியில் முறை வேலை. சொந்தக்காரர்கள் ஒரு குட்டியானை வண்டியைப் பேசி, பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தில் இருபது பேரை நிற்க வைத்துக் கொண்டுபோனார்கள். மலர்கொடி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையில் முடிந்த பாலிதீன் கவரோடு தயாராக நின்றார். வழியில் போலீஸ் நிறுத்தியது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று எல்லோரையும் இறக்கிவிட்டு, டிரைவருக்கு அபராதம் எழுதினார்கள். மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, மலர்கொடி ரோட்டோரத்தில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பெண் போலீஸ் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, இங்க என்ன சிரிப்பு?"

"முப்பது கிலோமீட்டர் வந்துட்டோம் மேடம். எனக்கு ஒண்ணுமே ஆவல."

"ஆயிருந்தா என்ன பண்ணுவ?"

"கவரு வச்சிருக்கேன் மேடம்."

அந்தப் போலீஸ்காரர் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். மலர்கொடி ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றார். அவர் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மலர்கொடி நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். சுற்றுவட்டாரத்தில் ஆறு ஊர்ப் பெண்களின் வருகையைக் குறிப்பவர் அவர்தான். அடுத்த வாரம் ஏரிக்கரையில் பேர் வாசித்து முடித்ததும், "பஸ்ஸு ஒத்துக்காதவங்க யார் யாரு?" என்று கேட்டார். முதலில் யாரும் கை தூக்கவில்லை. அது எதற்கோ கழித்துவிடுவதற்கான கேள்வி என்று நினைத்தார்கள். "எனக்கும் ஒத்துக்காது" என்று மலர்கொடி சொன்ன பிறகு கைகள் எழுந்தன. அவரையும் சேர்த்துப் பதினேழு பேர். மூன்று பேருக்குப் பஸ்ஸைப் பார்த்தாலே போதும். கலையரசி என்ற பெண்ணுக்கு, டீசல் விலை ஏறியதாக டி.வி.யில் சொன்னாலே வாய் ஊறத் தொடங்கிவிடும்.

பதினேழு பேரும் ஒரு மகளிர் குழுவாகச் சேர்ந்தார்கள். மற்ற குழுக்கள் சாம்பிராணி, ஊறுகாய், பினாயில் என்று போய்க்கொண்டிருந்தபோது, இவர்கள் தீர்மான நோட்டில் 'வண்டி' என்று எழுதினார்கள். என்ன வண்டி என்று கேட்ட அதிகாரியிடம், "வாந்தி வராத வண்டிங்க சார்" என்றார் மலர்கொடி. அதிகாரி 'சுற்றுலா வாகனம்' என்று குறித்துக்கொண்டார்.

அப்படி ஒரு வண்டி எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. சின்னதுரையின் டிப்பருக்கு சீட்டு தைத்துக் கொடுக்கும் ஆள்தான், "லப்பைக்குடிக்காட்டுல உபைத்னு ஒரு பாய் இருக்காரு. தொறந்த வண்டியா கட்டிக்கிட்டு இருந்தவரு, அரபு நாட்டுல" என்று சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர்கொடியும் சின்னதுரையும் டி.வி.எஸ்.ஸில் புறப்பட்டு, பெரம்பலூரில் இறங்கி டீ குடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு லப்பைக்குடிக்காடு போய்ச் சேர்ந்தார்கள்.

உபைத் பதினாறு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர். அங்கே ஒரு அரபி பழைய மோட்டார் வண்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஓட்டுவதற்கில்லை; வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பார்ப்பதற்கு. உபைத்துக்கு அங்கே மர வேலையும் சீட்டு வேலையும். வண்டிகளில் ஒன்று நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஓடியது. ஆலைத் தொழிலாளிகளை விடுமுறை நாளில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கென்றே கட்டிய மோட்டார் கோச். அந்தக் காலத்தில் வண்டிக் கம்பெனி, என்ஜினும் சக்கரமும் மாட்டிய அடிச்சட்டமான சேஸை மட்டும் கொடுக்கும். வாங்கியவர் அதன்மேல் பாடியைத் தனக்கு வேண்டியபடி தச்சு வேலைக்காரர்களிடம் கட்டிக்கொள்வார். வாரநாளில் சரக்கு ஏற்றும் பாடியையும் விடுமுறையில் ஆள் ஏற்றும் பாடியையும் ஒரே சேஸில் மாற்றி மாற்றி மாட்டியவர்களும் உண்டு. கண்ணாடி கிடையாது. கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துவிட ஒரு தார்ப்பாய். குறுக்கே ஐந்து பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சுக்கும் தனிக் கதவு. சினிமாக் கொட்டகை மாதிரி பின்பெஞ்சு முன்பெஞ்சைவிட உயரம்.

உபைத் அந்த வண்டியில் இரண்டு வருஷம் வேலை செய்தார். முடிந்த அன்று அரபி அதில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், ஷெட்டைப் பூட்டினார். ஒரு ஆள்கூட அதில் எங்கேயும் போகவில்லை. உபைத்துக்கு அது மீன் முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பி, மெயின் ரோட்டில் வேன்களுக்கு சீட்டு போடும் பட்டறை வைத்தார். பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய பள்ளிக்கூட வேனின் சேஸ் ஆறு வருஷமாகக் கிடந்தது. அதில் என்றைக்காவது அந்தக் கோச் மாதிரி ஒன்றைக் கட்டுவது அவர் எண்ணம். அதுவரைக்கும் அவர் மனைவி சாகிரா அதன்மேல் பூசணிக் கொடி ஏற்றியிருந்தார்.

"வாங்கக்கா, வாங்கண்ணே. என்ன வேலைங்க?" என்றார் உபைத்.

"வாந்தி வராத வண்டி ஒண்ணு கட்டணும் பாய்" என்றார் மலர்கொடி.

உபைத் கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தார். "யாருக்கு வாந்தி?"

"பதினேழு பேருக்கு."

"ஒரே வூட்டுலயா?"

"இல்ல, ஆறு ஊர்ல."

உபைத் சிரிக்கவில்லை. எதனால் வருகிறது என்று தெரியாமல் கட்டினால் மறுபடி வரும் என்று சொன்னார். பட்டறையில் அன்று மூன்று வேன்கள் நின்றன. அனுமதி வாங்கிக்கொண்டு மலர்கொடியை ஒவ்வொன்றிலும் ஏற்றினார். முதல் வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டார். இரண்டாவது கிலோமீட்டரில் மலர்கொடி எடுத்தார். சாகிரா எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். இரண்டாவது வேனில் எல்லாக் கண்ணாடியையும் திறந்துவிட்டார். நான்காவது கிலோமீட்டர். சாகிரா மறுபடி ஜூஸ் கொடுத்தார். மூன்றாவது வேனில் சீட்டுகளை எல்லாம் கழற்றியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். பதினொரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தார்கள். ஒன்றும் இல்லை. உபைத் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்து வந்து, ரோடு தெரியாதபடி அவர் முகத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, சின்னதுரையை வண்டி எடுக்கச் சொன்னார். ஒன்றரைக் கிலோமீட்டர்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் உபைத்.

வாந்தி எடுத்ததற்காக ஒருவர் தன்னைப் பாராட்டியது மலர்கொடிக்கு அதுதான் முதல் தடவை.

"ஏங்க, தேடி வந்தவங்கள இப்படியா போட்டு வதைப்பீங்க?" என்றார் சாகிரா.

"வதைக்கல சாகிரா. கண்டுபுடிச்சாச்சு. அக்காவுக்கு வண்டி ஒத்துக்காம இல்ல. முன்சீட்டோட முதுகுதான் ஒத்துக்கல. ரோடு தெரியணும், காத்து வரணும். அவ்ளோதான்."

பிறகு உபைத் தன் போனில் ஷார்ஜா வண்டியின் படத்தைக் காட்டினார். மலர்கொடி அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார்.

"இதுல யாருமே ஒக்காரலையே பாய்?"

"அதாங்க்கா எனக்கும் குறை" என்றார் உபைத்.

வண்டியில் பாதிப் பங்கு குழுவுக்கு, பாதி உபைத்துக்கு என்று பேச்சு. பூசணி காய்ப்பு முடியட்டும் என்று சாகிரா சொன்னதால் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போனது. சேஸை இழுத்துப் பழுது பார்த்து, கரூரில் அனுமதி உள்ள ஒரு பட்டறையில் கூடு கட்டி வந்தார்கள். பெஞ்சு, கதவு, தார்ப்பாய் எல்லாம் உபைத் கையால். குழுவில் முழங்கால் வலி அதிகமான பெண் எவ்வளவு உயரம் காலைத் தூக்க முடியும் என்று நூல் பிடித்து அளந்து ஃபுட்போர்டு வைத்தார். குழுவிலேயே குட்டையான கலையரசியை ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார வைத்து, முன்னால் உள்ளவர் கொண்டைக்கு மேல் ரோடு தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு உயரத்தை முடிவு செய்தார். கலையரசி பூ வைத்த நாளில் ஒரு தடவையும் வைக்காத நாளில் ஒரு தடவையும் அளந்தார்கள். எட்டாவது மாதம் வண்டி தயாராகி நின்றது. முன்னால் தணிந்து பின்னால் உயர்ந்து, யாரோ கூப்பிட்டு எழுந்திருக்கப் போவது போல் இருந்தது. இடப்பக்கம் ஐந்து தேக்குக் கதவுகள், ஐந்து பித்தளைக் கைப்பிடிகள்.

வண்டியைப் பார்க்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் மகேஷ், முப்பத்தைந்து வயதுக்காரர். சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவருகிறவர். வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"இது என்ன பாய், அஞ்சு கதவு?"

"அஞ்சு பெஞ்சு சார்."

"பெஞ்சுக்கு ஒரு கதவா?"

"ஆமா சார். ஒருத்தர் கால ஒருத்தர் மிதிக்காம எறங்கலாம்."

மகேஷ் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். "இருக்க வேண்டிய எடத்துல கதவு இல்லன்னா என்ன செய்யணும்னு போட்டிருக்கு. கூடாத எடத்துல இருந்தா என்ன செய்யறதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டு வரணும்."

கேட்டுக்கொண்டு வர மூன்று வாரம் ஆனது. ஏறி இறங்க முன்னால் ஒரு கதவு, ஆபத்துக்குப் பின்னால் ஒரு கதவு, மற்ற இடமெல்லாம் இடுப்பு உயரத்துக்குத் தகடும் கம்பியும். மேலே மடக்குகிற தார்ப்பாய் கூடாது; நிலையான கூரை வேண்டும். பக்கவாட்டில் கண்ணாடி இல்லாமல், சுருட்டிவிடும் தார்ப்பாய் இருக்கலாம். பெஞ்சுகள் ஏன் படிப்படியாக உயர்கின்றன என்று மகேஷ் கேட்டார். மலர்கொடி முன்னால் வந்தார்.

"சார், பின்பெஞ்சுல ஒரு தடவ ஒக்காந்து பாருங்க. அப்பறம் எதுவா இருந்தாலும் எழுதுங்க."

மகேஷ் ஏறி உச்சிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னதுரை ஓட்டினார். ஐந்து கிலோமீட்டர் போய் வந்து இறங்கிய மகேஷ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாட்டர் டேங்க் மேல ஒக்காந்த மாதிரி இருக்கு" என்றார். அது பாராட்டா குறையா என்று யாருக்கும் தெரியவில்லை. கதவுகளை மாற்றிய பிறகு சான்றிதழ் வந்துவிட்டது.

கதவுகள் போன துக்கத்தில் உபைத் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாகிரா அவற்றை அடுக்களை அலமாரிக்கு மாட்டச் சொன்னார். பித்தளைக் கைப்பிடி வைத்த மசாலா அலமாரி லப்பைக்குடிக்காட்டில் அவர்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

வண்டி ஓட்டுவது சின்னதுரை என்று முன்பே முடிவாகியிருந்தது. குவாரி வேலையை விட்டுவிட்டு வந்தார். அவருக்கு லைசென்ஸ் இருந்தது, பேட்ஜ் இருந்தது, பழக்கம்தான் இல்லை. இருபத்தெட்டு வருஷம் கல் ஏற்றியவர். பள்ளத்தைக் கண்டால் சுற்றிப் போக வேண்டும் என்பதே அவருக்குப் புதிய செய்தி. "கல்லு ஒரு நாளும் மெதுவாப் போன்னு சொன்னதில்ல" என்று வருத்தப்பட்டார்.

முதல் பயணம் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு. பக்கம் என்பதால் வெள்ளோட்டத்துக்குச் சரியாக இருக்கும் என்றார் மலர்கொடி. ஆளுக்கொரு பாலிதீன் கவரை மடியில் வைத்துக்கொண்டு பதினேழு பேரும் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. பேசினால் வந்துவிடும் என்று பயம். எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்தன. கண்ணாடி இல்லாததால் தூசி நேராக வந்து முகத்தில் அப்பியது. கோயிலில் இறங்கியபோது எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். வாசலில் நின்ற ஆள், "எந்த மில்லுலேர்ந்து வரீங்க?" என்று கேட்டார். ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். போகும்போதுதான் ஒன்றும் இல்லை, வரும்போதும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலர்கொடி வேண்டிக்கொண்டார். வரும்போதும் இல்லை. ஊருக்குள் வண்டி நின்றதும் கலையரசி காலியான கவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்னாச்சு கலை?"

"ஒண்ணும் ஆவலக்கா. அதான்."

அடுத்த மாதம் தரங்கம்பாடி. ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, அணைக்கரை, மாயவரம் என்று வண்டி போனது. அணைக்கரைப் பாலத்தில் கொள்ளிடத்துக் காற்று ஒரு பெண்ணின் துண்டைப் பறித்துக்கொண்டு போனது. மாயவரத்துக்கு முன்னால் ஒரு மழை அடித்தது. தார்ப்பாயை இறக்கினால் ரோடு தெரியாது, ரோடு தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இறக்காமலே நனைந்தார்கள். பதினொரு மணிக்குக் கடற்கரையில் இறங்கியபோது ஏற்கனவே குளித்துவிட்டு வந்தவர்கள் போல் இருந்தார்கள்.

பதினேழு பேரில் பதினைந்து பேர் கடலை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். மலர்கொடி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சின்னதுரை பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"நம்ம குவாரிப் பள்ளந்தாங்க ஆழம். இதுக்கு அகலம் ஜாஸ்தி."

கலையரசி ஈர மணலில் கிடந்த சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "நம்ம காட்டுல உழும்போது கல்லா வருதே, அதேதாங்க்கா. இங்க இன்னும் கல்லாவல." அரியலூர்ப் பக்கம் மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன சிப்பி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் யாரும் அதற்கு ஆச்சரியப்படவில்லை. மலர்கொடி மட்டும் ஒரு சிப்பியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால், பிறகு இடுப்பு. ஒரு அலை வந்து உட்கார வைத்துவிட்டது. எழுந்திருக்கச் சொல்லி சின்னதுரை கூப்பிட்டபோது, "இருங்க, நான் இன்னும் பாக்கல" என்றார். அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் அழுதாரா என்று சின்னதுரையால் சொல்ல முடியவில்லை. முகம் முழுக்க உப்புத் தண்ணீர்.

அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. பஸ் நன்றாக ஒத்துக்கொள்கிற பெண்களும் இந்த வண்டியில் ஏற வேண்டும் என்றார்கள். குழுவின் நோட்டில் 'பஸ் ஒத்துக்காதவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. உடனே ஊரில் பலருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாமல் போனது. நல்ல திடமான பெண்கள் கடைத்தெருவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மலர்கொடி ஒரு முறை வகுத்தார். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து அரியலூர் போய்த் திரும்ப வேண்டும். கண்டக்டர் சாட்சி. இதில் நான்கு பேர் தேறினார்கள். மற்றவர்கள் அரியலூரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

முத்தாயி மூன்று தடவை போனார். முதல் தடவை வெறும் வயிற்றோடு. இரண்டாம் தடவை வயிறு நிறைய பிரியாணியோடு. மூன்றாம் தடவை பழைய பேப்பர் ஒன்றை எடுத்துப் போய், ஓடுகிற பஸ்ஸில் சின்ன எழுத்தெல்லாம் விடாமல் படித்தார். ஒன்றும் நடக்கவில்லை. முப்பது வருஷமாக ஊரையே டூர் கூட்டிப்போனவர், மூன்றாம் நாள் சாயந்திரம் மலர்கொடி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"அறுபத்திநாலு வயசாவுது மலரு. எனக்கு ஒரு வாந்திகூட வரமாட்டேங்குது."

மலர்கொடி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"நல்லா இருக்குறது ஒரு குத்தமா? எல்லாரும் போறீங்க. தெருவே காலியாக் கெடக்கு. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்ல."

இதற்கு மலர்கொடியிடம் தகுந்த பதில் ஒன்று இருந்தது. முப்பது வருஷமாகத் தயாராக இருந்த பதில். நாக்கு நுனி வரை வந்தது. முத்தாயி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார். மறுநாள் குழுவைக் கூட்டி, நோட்டில் ஒரு வரி சேர்த்தார்: 'யாருக்காவது முடியாமல் போனால் கவர் பிடிக்க, பஸ் ஒத்துக்கொள்கிற ஒருவர் உடன் வரலாம்.' அந்தப் பதவி முத்தாயிக்கு என்று ஒருமனதாகத் தீர்மானமானது. முத்தாயி கவர் கட்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். இன்றுவரை அதில் ஒன்றைக்கூட அவர் பிரிக்க நேரவில்லை.

முத்தாயி முதலில் வந்த பயணம் சிதம்பரம். அவர் சிதம்பரத்துக்கு ஏற்கனவே ஒன்பது தடவை போனவர். எந்தக் கோபுரத்தில் செருப்பு விட வேண்டும், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று மீன்சுருட்டி வரை சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. காட்டுமன்னார்கோயிலைத் தாண்டி ஏரிக்கரை வந்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது என்ன தண்ணி?"

"வீராணம் ஏரிங்க்கா" என்றார் கலையரசி.

"எப்ப வெட்டுனாங்க?"

"ஆயிரம் வருஷம் ஆவுதாம்."

"ஒம்போது தடவ இந்தப் பக்கம் போயிருக்கேன்" என்றார் முத்தாயி. "பஸ்ஸுல ஸ்கிரீன இழுத்துவுட்டு சினிமாப் படம் போட்டுருவாங்க. பாதிப் படத்துல தூங்கிருவேன். முழிச்சா கோயிலு. நடுவுல இவ்வளவு இருந்துச்சா?"

மலர்கொடி வண்டியை நிறுத்தச் சொன்னார். கரையில் இறங்கி எல்லோரும் ஏரியைப் பார்த்தார்கள். முத்தாயி கரையோரமாகவே நடந்து போய், வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் என்ன மீன் என்று விசாரித்தார். அவர் ஒவ்வொரு மீனாகத் தூக்கிக் காட்டினார். மறுபடி ஏறி இரண்டு கிலோமீட்டர் போனதும், "அது என்ன, வெள்ளையா?" என்றார். நாற்று நட்ட வயலில் கொக்கு. நிறுத்தினார்கள். அப்புறம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். அதற்குள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கொடிக்கால்காரர் ஆளுக்கு நாலு வெற்றிலை கிள்ளிக் கொடுத்தார். புளிச்சோற்றை ஒரு மதகு மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குள் கோயில் நடை சாத்தியிருப்பார்கள், நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்று முத்தாயியே சொன்னார். சொல்லிவிட்டுப் படுத்து ஒரு தூக்கம் போட்டார்.

மூன்றரை மணிக்கு வண்டி மறுபடி கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் வாத்து மேய்ப்பவர்கள் இருவர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். முதல் வாத்து கடந்து முடித்த நேரத்துக்கும் கடைசி வாத்து கடந்த நேரத்துக்கும் நடுவில் சின்னதுரை என்ஜினை அணைத்துவிட்டு ஒரு பீடி குடித்து முடித்தார். உச்சிப் பெஞ்சில் இருந்தவர்களுக்கு முழு மந்தையும் தெரிந்தது. கீழ்ப்பெஞ்சில் இருந்தவர்களும் மேலே ஏறி வந்து பார்த்தார்கள்.

"சிதம்பரம் இன்னும் பத்து கிலோமீட்டர்" என்றார் சின்னதுரை. "இப்பப் போயி சாமி கும்புட்டுட்டுத் திரும்புனா ரொம்ப நேரமாயிடும். என்ன பண்றது, சொல்லுங்க."

எல்லோரும் மலர்கொடியைப் பார்த்தார்கள். மலர்கொடி முத்தாயியைப் பார்த்தார்.

"கோயிலு எங்கயும் போவாது" என்றார் முத்தாயி. "வாத்த அந்தப் பக்கம் எங்க எறக்குறாங்கன்னு பாத்துட்டுத் திரும்பிடுவோம்."

பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி புதுக்காட்டுக்குள் வந்து நின்றது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னக்கா, நடராஜரப் பாத்தீங்களா?" என்று ஒருத்தி முத்தாயியைக் கேட்டாள்.

முத்தாயி ஃபுட்போர்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று யோசித்தார்.

"இல்ல, வாத்துதான் பாத்தோம்" என்றார். "ஆயிரத்துக்கு மேல இருக்கும்."